ஆறாத புண்ணும் அரிக்கப்படும் என்பும்

காலில் ஒரு சிறு புண். மேலே காய்ந்துவிட்டது, நோவும் இல்லை. "இனிப் பயமில்லை" என்று வீட்டு வேலைகளில் மூழ்கிவிடுகிறோம். ஆனால், வைத்தியசாலையில் புண்களுக்கு மருந்து கட்டும் அறையில் பல வருடங்கள் தாதியாகப் பணியாற்றிய நான், நோவில்லாத புண்ணைக் கண்டால்தான் அதிகம் பயப்படுவேன்.

ஒரு தடவை அறுபது வயது மதிக்கத்தக்க தாயொருவர் வந்தார். நீண்டகால நீரிழிவு நோயாளி. செருப்பில்லாமல் முற்றம் கூட்டும்போது கால் பெருவிரலில் ஏதோ குத்திவிட்டதாம்.

"மிஸ்ஸி, எனக்கு நோவே இல்லை. மேலால காய்ஞ்சிட்டுது. ஆனா திரும்பத் திரும்பச் சிதழ் வருது" என்றார்.

விரல் வீங்கிச் சிவந்திருந்தது. கிருமிநீக்கிய மெல்லிய கம்பியொன்றை டொக்டர் புண்ணினுள் மெதுவாகச் செலுத்திப் பார்த்தார். கடினமான ஒன்றில் அது தட்டுப்பட்டது. அதுதான் என்பு!

இது எப்படி நேர்கிறது? கால் விரலில் தோலுக்கும் என்புக்கும் இடையே அதிகம் சதை இல்லை. புண் வழியே ஆழமாக இறங்கும் கிருமிகள் என்பைச் சென்றடைகின்றன. இதனையே ஒஸ்டியோமயலைட்டிஸ் என்கிறார்கள். அங்கு சீழ் சேரச் சேர, என்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்கள் நசுங்கி அடைபடுகின்றன. இரத்தம் கிடைக்காத பகுதி இறந்துவிடுகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போய்ச் சேராது. கிருமிகள் அந்த இறந்த என்பில் ஒளிந்திருப்பதால்தான் புண் மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது.

நீரிழிவினால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு நோவு தெரியாது. சிலருக்குக் காய்ச்சலும் வராது. எக்ஸ்றே படத்திலும் முதல் இரண்டு வாரங்களுக்கு மாற்றம் தெரியாமல் போகலாம். எனவே ஒரு படம் நன்றாக இருந்தால் போதுமென்று நின்றுவிடக் கூடாது. டொக்டர் மீண்டும் வரச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும்.

அந்தத் தாய்க்குச் சத்திரசிகிச்சை மூலம் இறந்த என்புத் துண்டு அகற்றப்பட்டது. அதன்பின் வாரக்கணக்கில் மருந்து. இந்நோய்க்குப் பெரும்பாலும் ஆறு வாரமளவில் மருந்தெடுக்க வேண்டியிருக்கும். வீக்கம் வற்றியதும் குளிசையை நிறுத்துவது கிருமிக்கு மறுவாழ்வு கொடுப்பதாகும். அவர் ஒருநாளும் தவறவிடவில்லை. விரலின் நுனி போனாலும் கால் தப்பியது. இன்னும் பிந்தியிருந்தால் காலையே இழந்திருக்கக் கூடும்.

சகோதரிகளே, பிள்ளைக்கு ஒரு கீறல் என்றால் ஓடிப்போகும் நாம், நமது காலை மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்? நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். முற்றத்துக்கும் செருப்போடு போங்கள். புண்ணில் கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதுவும் பூச வேண்டாம். சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், அடி தெரியாத ஆழமான புண், சீழ் வடியும் புண், வீங்கிச் சிவந்த விரல் - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளை என்று தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். நாம் கொடுக்க வேண்டியது கொஞ்ச நேரம் மட்டுமே.