ஹாட் டப்பில் குளோரின் இருந்தது, ஆனால்...

வீடு வாங்கியபோது பின்கட்டில் ஒரு ஹாட் டப்பும் சேர்ந்தே வந்தது. ஒருமுறை குளித்த மறுநாள், மகளுக்கு நீச்சலுடை பட்ட இடமெல்லாம் சிவப்புப் பொரிகள். சூடோமோனாஸ் கிருமி என்றார் டாக்டர். சோதனைப் பட்டையோ குளோரின் 3 பிபிஎம் என்றது. அப்புறம் எப்படி?

நான் போட்டுவந்தது டைகுளோர் தூள். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் வருகிறது. 10 பிபிஎம் குளோரினுக்குச் சுமார் 9 பிபிஎம் அமிலம். குளோரின் செலவாகிவிடும், அமிலம் அங்கேயே தங்கும். (நம்ம மெமரி லீக் மாதிரிதான்!) தினம் 2 பிபிஎம் போட்டால் ஒரே மாதத்தில் அமிலம் 54. அது குளோரினை வெயிலிலிருந்து காக்கும், கூடவே கட்டியும் போடும். கட்டுண்டதையும் பட்டை சேர்த்தே எண்ணுகிறது.

ஓசோன், புற ஊதா விளக்கு? கருவிக்குள் போகிற நீரோடு சரி, தொட்டியில் காவலுக்கு எதுவும் நிற்காது. புரோமின் வெந்நீருக்கு நல்ல தேர்வுதான். வியர்வையோடு கலந்த பின்னும் வேலை செய்யும். அந்த வாசனைதான் எங்க வீட்டில் யாருக்கும் ஒத்துக்கலை.

எனவே தண்ணீரை மொத்தமா வடித்து, குழாய்களைக் கழுவி, இப்போ வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச். தினமும் அளந்து ஊற்றுகிறேன், பிஎச் 7.8ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். டைகுளோர் டப்பா பாதி மிச்சம். ப்ளீச்சோடு நேரடியாகக் கலந்தால் ஆபத்து என்பதால் அது வேறு அலமாரியில்.