உழுபவர் பெயர் ஆவணத்தில் இல்லை

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைவிக்கும் தலித் உழவர் பலர், கோயில் நிலங்களிலும் பெருநிலக்கிழார் வயல்களிலும் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர். 2019இல் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டமோ, ஆண்டுக்கு 6,000 ரூபாயை நில ஆவணத்தில் பெயருள்ள குடும்பங்களுக்கே வழங்குகிறது. சேற்றில் இறங்காதவரும் பட்டாவைக் காட்டிப் பெறலாம். குத்தகைதாரர் பெற இயலாது. இதனை நிர்வாகக் குறைபாடாக நாங்கள் கருதவில்லை. விதியே அவ்வாறு எழுதப்பட்டுள்ளது. அதில் சாதி என்னும் சொல் இல்லை. நிலவுடைமையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அப்பதிவு இத்தொகையைப் பெற்றுத் தராது; எனினும் வெளியேற்றத்தை எதிர்க்கும்போது வலுவான சான்றாகும். விண்ணப்பித்தால் அடுத்த பூவுக்கு வயல் கிடைக்காது என்று அஞ்சிப் பலர் தயங்குகின்றனர். அந்த அச்சம் பொய்யானதன்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஒடிசா தொடங்கிய காலியா திட்டம், வாரத்துக்குப் பயிரிடுவோரையும் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது.