கொழுந்தும் ‘பிளக்’கும்

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் “கொழுந்து எடுக்கப் போறேன்” என்பார்கள். தோட்டக் கணக்கில் அதே வேலைக்கு ‘பிளக்கிங்’ என்று பெயர், செய்பவர் ‘பிளக்கர்’. சுவரில் சொருகும் மின்சாரப் பிளக் வேறு சொல். தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

அகராதியைத் திறந்தால் ‘பிளக்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் ‘பிடுங்கு, பறி’ என்று பொருள் இருக்கும். பிடுங்கு என்று மனதில் பதித்துக்கொள்ளும் பிள்ளை, ஒரு நாள் மலையில் நின்று பார்க்க வேண்டும். அங்கே யாரும் எதையும் பிடுங்குவதில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தளிரின் தண்டைப் பிடித்து, சின்னதாக ஒரு முறிப்பு. நகம் படக்கூடாது, பட்டால் அந்த இடம் கறுத்துப்போகும். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கொழுந்து கைக்குள் வந்துவிடும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குப் போகும். செடியின் தலை ஏறி இறங்காமல் இருக்க மட்டக்கம்பைப் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பி வர வேண்டும். பிந்தினால் இலை முத்திப்போகும். இத்தனை பக்குவத்தைப் ‘பிடுங்கு’ என்ற சொல் தாங்காது. ‘கிள்ளு’ ஓரளவு கிட்ட வருகிறது.

ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை விரலால் பற்றி வெடுக்கென்று இழுப்பதுதான் ‘பிளக்’. ஆங்கிலம் அந்த இழுப்பை மட்டும் பார்க்கிறது. தமிழ், இழுபடுவது எது என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லைத் தரும். பூவைக் கொய்கிறோம், கோழியின் இறகைப் பிடுங்குகிறோம், வீணைத் தந்தியை மீட்டுகிறோம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘பிளக்’ போதும். ஆகவே மொழிபெயர்க்கும்போது வினைச்சொல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லை முதலில் பாருங்கள்.

‘பிளக்’ மிகப் பழைய சொல். பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. டச்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் இதற்கு உடன்பிறப்புகள் இருக்கின்றன. பேச்சு லத்தீனில் மயிர் பிடுங்குவதைக் குறித்த ஒரு வினைச்சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து. லத்தீனில் ‘பிலுஸ்’ என்றால் மயிர்.

விரியாத தேயிலை அரும்பு ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். வெள்ளிபோல மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். சீனத்தின் ஆமோய்ப் பேச்சில் அந்த வெள்ளை ரோமத்தைக் குறித்த சொல்தான் ‘பெக்கோ’ ஆயிற்று, பி.ஓ.பி. தூள் என்கிறோமே, ‘புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ’, அதிலுள்ள பெக்கோ. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபின், லத்தீன் மயிரும் சீன ரோமமும் நம் மலைநாட்டில் ஒரே செடியில் சந்தித்துக்கொண்டன. எனக்கு இது தீராத வியப்பு.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘பிளக்’ என்றால் துணிச்சல். வெட்டிய ஆட்டிலிருந்து சேர்த்து இழுத்தெடுக்கும் இதயம், ஈரல், நுரையீரலை இறைச்சிக்கடையில் அப்படிச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் அது நெஞ்சுரத்துக்கு ஆகிவந்தது. அந்த உறுப்புகளை நாம் ஈரல்குலை என்கிறோம். பயந்தால் குலை நடுங்குகிறது என்பதும் அந்தக் குலைதான்.

தமிழ்ப் ‘பறி’க்கோ இன்னொரு முகம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோரிடம் அது இல்லை, குடியுரிமையும் இல்லாமற்போனது. குடியுரிமை இல்லாமலே எஞ்சியிருந்தவர்களுக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. கொழுந்து பறித்தவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது என்று எழுத நமக்கு ஒரே வினைச்சொல் போதும். ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை முதல் இடத்தில் ‘பிளக்’ போடலாம். இரண்டாம் இடத்தில் அது பொருந்தாது, ‘டிப்ரைவ்’ என்று வேறு சொல் தேட வேண்டும்.