ஜவ்வு விலகலுக்கு ஸ்டீராய்டு ஊசி: எம்முறை ஏற்றது?

காவிரிப் பாசனப் பகுதியில் நாள் முழுதும் குனிந்து நடவு நடுவோருக்கும், நெல் மூட்டை தூக்குவோருக்கும் இடுப்பு வலி புதிதல்ல. ஆனால் வலி இடுப்போடு நில்லாமல் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுரீரென்று இறங்கினால், முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது காரணமாக இருக்கலாம்.

பிதுங்கிய ஜவ்வு பலருக்கு நாளடைவில் தானே சுருங்கிவிடும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் மாத்திரை, அளவான நடை, உடற்பயிற்சி ஆகியவற்றாலேயே குணம் தெரியும். அப்படியும் கால் வலி தணியாதவர்களுக்கே ஸ்டீராய்டு ஊசி பற்றி யோசிக்க வேண்டும். இம்மருந்து நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கும். ஜவ்வைப் பழைய இடத்தில் வைக்காது.

மூன்று முறைகள்

1. வால் எலும்புக்குச் சற்று மேலுள்ள துவாரத்தின் வழியே போடுவது: கடைமடையிலிருந்து நீரை எதிரேற்றுவது போன்றது. மருந்தைக் கூடுதல் திரவத்தில் கலந்து செலுத்த வேண்டும். முன்பு முதுகில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் உதவும்.

2. முதுகின் நடுவே, இரு எலும்புகளுக்கிடையே போடுவது: மருந்து பரவலாகச் செல்லும். ஊசி நரம்பு உறையில் பட்டால் சில நாட்கள் தலைவலி வரலாம்.

3. நரம்பு வெளிவரும் துவாரத்தில் போடுவது: வயல் மடையிலேயே நீர் விடுவது போன்றது. சிறிதளவு மருந்தே போதும். ஆனால் மருந்து இரத்தக் குழாயில் புகுந்தால், அரிதாகக் கால்கள் செயலிழக்கக்கூடும். ஆகவே எக்ஸ்ரே திரையில் பார்த்தே போட வேண்டும். துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோன் இம்முறைக்குப் பாதுகாப்பானது. இத்தகைய ஊசிகளின் அபாயம் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் எச்சரித்தது.

பலன் எவ்வளவு?

2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வு, 2,470 பேர் பங்கேற்ற 25 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. வலியை 100 புள்ளிகளாகக் கொண்டால், மருந்தில்லா ஊசியைவிட ஸ்டீராய்டு ஊசி குறுகிய காலத்தில் கால் வலியைச் சராசரியாக 5 புள்ளி அளவே கூடுதலாகக் குறைத்தது. எனவே ஊசிக்காகக் கடன் வாங்குமுன் நன்கு யோசிப்பது நல்லது. வலி குறைந்ததும் மறுநாளே மூட்டை தூக்கக் கூடாது. அந்த இடைவெளியை உடற்பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். புட்டத்தில் போடும் சாதாரண ஊசி இதற்கு ஈடாகாது.

கவனிக்க வேண்டியவை

சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப்பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மர்மப் பகுதி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமற் போனாலோ ஊசிக்குக் காத்திராமல் 108 வண்டியை அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் நரம்பு மீளாமல் போகலாம்.

வரிசை நடவு செய்து, உருளும் களைக்கருவியை நின்றபடி ஓட்டினால் குனியும் நேரம் குறையும். பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் நடவாட்களின் முதுகைக் காக்கும். மூட்டையை இருவராகத் தூக்குவது செலவில்லாத வழி.