போன் கேட்கும் அப்டேட்: எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது?



இன்று லயக் காம்பராக்களிலும் ஸ்மார்ட் போன் வந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் திருநெல்வேலியில் இருந்தபடி வட்ஸ்அப்பில் முகம் காட்டிப் பேசுவதும் அதில்தான். ஆனால் பிள்ளையோடு பேசப் போட்ட டேட்டா, பேசுவதற்கு முன்பே முடிஞ்சு போகுதே என்று பலர் முறையிடுகிறார்கள். "சொஃப்ட்வெயர் அப்டேட் வந்திருக்கு" என்று போன் ஓயாமல் சொல்வது இன்னொரு தொல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

அப்டேட் என்பது என்ன? போனை இயக்கும் மென்பொருளில் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைத்து, கம்பனி அனுப்பும் திருத்தம். மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை அடைக்கிற மாதிரி. சில திருத்தங்கள் சில நூறு எம்பி வரும். புதிய அன்ட்ரொயிட் பதிப்பு என்றால் 1 ஜீபியையும் தாண்டலாம். சின்ன டேட்டா கார்ட் போடுகிறவருக்கு அது முழுக் கார்ட்டுக்கும் சமம்.

தொல்லையைக் குறைக்கும் வழிகள் இவை. போனுக்குப் போன் பெயர்கள் சற்று மாறும்.

1. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதற்குள் நெட்வேர்க் பிரெஃபரன்சஸ், அதற்குள் ஓட்டோ அப்டேட் அப்ஸ். அங்கே வைஃபையில் மட்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

2. போனின் செட்டிங்ஸில் சொஃப்ட்வெயர் அப்டேட் என்ற இடத்துக்குப் போங்கள். சாம்சங் போனில், வைஃபையில் தானாக இறக்கிக்கொள்ளும் பொத்தான் அங்கே இருக்கும். அதை அணைத்து விடலாம். ஐபோனில் ஜெனரல், சொஃப்ட்வெயர் அப்டேட், ஓட்டோமெட்டிக் அப்டேட்ஸ்.

3. திரையில் வந்த அறிவித்தலை விரலால் அழுத்திப் பிடித்தால், அதை நிறுத்தும் வழி தெரியும். சிலவற்றை நிறுத்த முடியாது. அவற்றுக்கு "பிறகு" என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பக்கத்துப் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் வாங்கினால், உங்கள் போன் அதையும் வைஃபை என்றே எடுத்துக்கொள்ளக் கூடும். பிறகு அப்டேட் இறங்குவது அவருடைய காசில்!

சரி, தொல்லை போச்சு என்று அப்டேட்டையே மறந்து விடலாமா? கூடாது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற கிருமி உலகமெங்கும் கணினிகளை முடக்கியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், மைக்ரோசொஃப்ட் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. போடாமல் விட்ட கணினிகளே பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. வட்ஸ்அப்பும் அப்படித்தான். மிகப் பழைய பதிப்பை வைத்திருந்தால் ஒருநாள் திறக்காமலே போகும்.

"அப்டேட் போட்டால் போன் மந்தமாகும்" என்று சொல்வதும் முழுப் பொய் அல்ல. பற்றரி பழசான சில ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததாக அப்பிள் கம்பனியே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதற்காகப் பாதுகாப்புத் திருத்தத்தை வேண்டாம் என்று விடுவது சரியல்ல. ஆகவே நிறுத்த வேண்டியது அப்டேட்டை அல்ல, அது தன் இஷ்டத்துக்கு வருவதைத்தான். நேரத்தை நீங்கள் குறியுங்கள். மாதம் ஒருமுறை, வைஃபை உள்ள இடத்திலோ, இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்திலோ, போனை சார்ஜில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். பாதியில் அணைக்க வேண்டாம்.

இனி முக்கியமான எச்சரிக்கை. எஸ்எம்எஸ், வட்ஸ்அப் வழியாக "உடனே அப்டேட் செய்" என்று லிங்க் வந்தால் தொடவே வேண்டாம். இணையத்தில் ஏதாவது பார்க்கும்போது "உங்கள் போனில் வைரஸ்" என்று பாய்ந்து வருவதும் அநேகமாகப் பொய்தான். உண்மையான அப்டேட் செட்டிங்ஸிலும் பிளே ஸ்டோரிலும்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பாருங்கள். பொய் அறிவித்தல்கள் ஓயாமல் வந்தால், குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸில் நொட்டிஃபிகேஷன்ஸை அணையுங்கள். பேங்கிலிருந்து வரும் ஓடிபி இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சம்பளம் விழுகிற கணக்கு அது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே பேங்குக்குச் சொல்லுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

யாழ்ப்பாணத்திலும் வேறு ஊர்களிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வீடு வருமுன், அங்கே வைஃபை இருந்தால் உங்கள் போனுக்கு அப்டேட்டை முடித்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் அம்மா அப்பாவின் போனை ஒருமுறை பாருங்கள். மேலே சொன்ன மூன்றையும் அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். நீங்கள் திரும்பிப் போன பிறகும் அவர்களுக்கு அது உதவும்.