நாளைய பாட்டுப் பெட்டிக்கு ஒரு விண்ணப்பம்

வெளிமாநிலத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் தமிழ் இன்னும் வீட்டுக்குள் ஒலிக்கிறதென்றால், அந்தப் புண்ணியத்தில் பாதி பாட்டைச் சேரும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பேரப்பிள்ளைகள்கூடப் பாட்டைத் தமிழில் முணுமுணுக்கிறார்கள். ஒரு காலத்தில் விடுமுறை முடிந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் திரும்பும்போது ஊறுகாய் ஜாடியோடு காசெட்டுகளும் நாக்பூரில் வந்து இறங்கும். இன்று அந்தச் சுமை இல்லை. கைபேசியும் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரும் இருந்தால் போதும், லட்சக்கணக்கான பாட்டுகள் நெட் வழியே வந்துவிடுகின்றன.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ரயில்வே சிக்னல் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது பழுதானால் என்ன ஆகும்?" அந்தக் கண்ணோடு பார்த்ததில், இனி வரப்போகும் வீட்டுப் பாட்டுப் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சில யோசனைகள் தோன்றின. அன்பர்கள் முன் வைக்கிறேன்.

1. நெட் போனாலும் பாட வேண்டும்

பழைய கைகாட்டி சிக்னலில் கம்பி அறுந்தால், கை தானாகவே 'ஆபத்து' நிலைக்குத் திரும்பிவிடும். கோளாறு வந்தாலும் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். பாட்டுப் பெட்டிக்குப் பாதுகாப்பான பக்கம் எது? தொடர்ந்து பாடுவதுதான். ஆகவே வீட்டார் அடிக்கடி கேட்கும் பாட்டுகளைப் பெட்டி தானே தன்னுள் சேமித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. நல்ல தரமான 320 கிலோபிட் எம்.பி.3 பதிவில் ஒரு மணி நேரப் பாட்டு 144 எம்.பி. இடம் பிடிக்கும். 128 ஜி.பி. கார்டு ஒன்றில் ஏறக்குறைய 880 மணி நேரம் அடங்கும். தினம் ஒரு மணி நேரம் கேட்டாலும், கேட்டதையே திரும்பக் கேட்காமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டலாம்.

2. கையால் திருகக் குமிழ் வேண்டும்

என் தாயாருக்கு வயது 87. கண்ணாடித் திரையை விரலால் தடவினால் எது திறக்கும், எது மூடும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ரேடியோவைத் திருகிய பழக்கம் விரலில் இருக்கிறது. சத்தத்துக்கு ஒரு குமிழ், பாட்டு வகைக்கு ஒரு குமிழ், நிறுத்த ஒரு பெரிய பட்டன். இவ்வளவு போதும். 2017-ல் சரிகம நிறுவனம் 5,000 பாட்டுகளை உள்ளேயே வைத்து, நெட் தேவைப்படாத 'கார்வான்' பெட்டியைக் கொண்டுவந்தபோது பெரியவர்கள் அதை விரும்பி வாங்கியதற்கு இந்த எளிமையே காரணம். அதே எளிமையை நெட் வழிப் பாட்டுக்கும் கொண்டுவர வேண்டும்.

3. நம் சங்கீதத்தின் விலாசம் தெரிய வேண்டும்

பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று கட்டத்துக்குள் கர்நாடக சங்கீதம் அடங்காது. ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் தனித்தனி இடம் வேண்டும். சினிமாப் பாட்டுக்கும் படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று கட்டங்கள் வேண்டும்.

வடக்கே வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் வீட்டு ஸ்பீக்கரிடம் "தோடி" என்று கேட்டால் இந்துஸ்தானித் தோடியைத் தருகிறது. பெயர் ஒன்று, ராகம் வேறு. அவர்களுடைய தோடி நமது சுபபந்துவராளியை ஒத்தது. நமது தோடியின் ஸ்வரங்களோ அவர்களுடைய பைரவி தாட்டுக்கு உரியவை. எந்தத் தோடி என்று பெட்டி ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் குறைந்தா போய்விடும்? அதையும் தமிழில் கேட்டால் இன்னும் நல்லது.

4. நடுவில் வெட்டக் கூடாது

ராகம், தானம், பல்லவி என்று கச்சேரியை மூன்று துண்டாகப் பதிவு செய்திருப்பார்கள். தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் இரண்டு விநாடி மௌனம் வந்தால் ரசனை போச்சு. சில சமயம் அந்த இடத்தில் விளம்பரமே நுழைகிறது! துண்டுகளை இடைவெளியின்றிக் கோத்துத் தர வேண்டும். அதேபோல் 1950-களின் பாட்டு மெல்லிசாகக் கேட்டு, அடுத்து வரும் புதுப் பாட்டு காதைப் பிளக்கக் கூடாது. சத்தத்தைச் சமன் செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. பெட்டியை வாங்கும்போதே அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

5. கம்பெனி கடையை மூடினாலும் பெட்டி பிழைக்க வேண்டும்

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தாயாருக்காக என் மகள் ஒரு செயலியில் நான்கு வருஷமாகப் பாட்டுகளைச் சேர்த்து, முந்நூறு பாட்டுகள் கொண்ட பட்டியல் வைத்திருந்தாள். அந்தச் சேவையை நிறுத்தினார்கள், பட்டியலும் போயிற்று. பாட்டுகள் வேறு இடத்தில் கிடைக்கின்றன. ஆனால் ஞாபகம் குறைந்துவரும் தாயார் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார். எதற்குப் பின் எது வரும் என்ற வரிசையைத்தான் அறிவார். ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்ததை முணுமுணுக்கத் தொடங்குவார். இப்போது வேறு பாட்டு வந்தால் பேசாமல் இருந்துவிடுகிறார்.

வெளிநாட்டு அனுபவம் இரண்டு சொல்கிறேன். ஸ்பாட்டிஃபை நிறுவனம் காருக்காக விற்ற 'கார் திங்' சாதனம் 2024 டிசம்பர் 9-க்குப் பிறகு இயங்காமல் போயிற்று. லாஜிடெக் நிறுவனமோ 'ஸ்க்வீஸ்பாக்ஸ்' என்ற வீட்டுப் பாட்டுப் பெட்டியின் உற்பத்தியை 2012-ல் நிறுத்தியது. 2024-ல் அதன் இணையச் சேவையையும் மூடியது. ஆனாலும் அந்தப் பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. அவற்றை இயக்கும் மென்பொருள் யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருளாக இருந்ததால், ஆர்வலர்கள் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். முதல் வகைப் பெட்டி வேண்டாம். இரண்டாம் வகையே வேண்டும். பாட்டுப் பட்டியலை ஒரு சாதாரணக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும் வசதியும் கட்டாயம் தேவை.

6. வீட்டுக் குரல்களுக்கும் இடம் வேண்டும்

நம் பலர் வீட்டு அலமாரியில் பழைய காசெட்டுகள் கிடக்கின்றன. பாட்டியின் தாலாட்டு, மகளின் முதல் மேடைப் பாட்டு, நவராத்திரிக்கு வந்தவர்கள் பாடியது எல்லாம் அவற்றில் இருக்கும். எந்தக் கம்பெனியின் லட்சம் பாட்டுகளிலும் இவை கிடைக்கமாட்டா. மற்றப் பாட்டுகளோடு இவையும் ஒரே குமிழில் வர வேண்டும்.

இப்படிப்பட்ட பெட்டி வரும் வரை நாம் செய்யக்கூடியது என்ன? புதிதாக வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நெட் இல்லாமல் பாடுமா? பென் டிரைவ் அல்லது கார்டு போட இடம் உண்டா? கம்பெனியின் செயலி இல்லாமல் இயங்குமா? பாட்டுப் பட்டியலை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் வரிசையாக எழுதி வையுங்கள். காசெட் நாடா பூஞ்சை பிடித்து வீணாவதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றி, இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். ஓடக்கூடிய டேப் ரிக்கார்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது. கணினி தெரிந்த இளைஞர்கள் இருவர் முன்வந்தால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து அன்பர்களின் காசெட்டுகளை மாற்றிக் கொடுக்க நான் தயார்.

விட்டுப்போன யோசனைகள் இருந்தால் அன்பர்கள் ஆசிரியருக்கு எழுதுங்கள்.