உங்களுக்குத் தெரியுமா? மூக்கைக் கழற்றினால் ஆளே மாறிவிடுவார்!

1969-இல் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி ‘செசமி ஸ்ட்ரீட்’. அதன் பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சனின் குழுவிடம் கண், மூக்கு, முடி எதுவுமே இல்லாத கைப்பாவைகள் சில இருந்தன. பெயர் ‘எனிதிங் மப்பெட்’. நீலம், ஊதா, ஆரஞ்சு என்று முகங்கள் மட்டும் தயார். மீசையும் தொப்பியும் ஒட்டினால் கடைக்காரர். பிய்த்துவிட்டு நரைமுடியும் கண்ணாடியும் வைத்தால் பாட்டி. அந்த நிகழ்ச்சியில் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும் ‘கவுன்ட் வான் கவுன்ட்’ என்ற பொம்மை, அவரும் இந்த ஊதா முகத்திலிருந்து வந்தவர்தான்!

ஒட்டுவது எளிது, எங்கே ஒட்டுவது என்பதில்தான் வித்தை. ஹென்சனின் பொம்மைகளை வடித்த டான் சாலின், கண்களும் மூக்கும் சேரும் முக்கோணத்தில்தான் உயிர் இருப்பதாக நம்பினார். கருவிழிகளை நட்டநடுவில் வைத்தால் பொம்மை வெறித்துப் பார்க்கும். சற்றே மூக்குப் பக்கம் நகர்த்தினால், நம்மைப் பார்ப்பது போலிருக்கும்.

வீட்டில் பழைய காலுறையில் பொம்மை செய்கிறீர்களா? கண்களை உடனே தைத்துவிடாதீர்கள். இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்.